மிஸ்டர் பெட்டி: அறை நிறையப் பழைய கணினிகள் வைத்திருப்பவருக்கு ஒரு மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கணினிகளின் வேலையைத் தானே செய்துகாட்டும் மிஸ்டர் என்ற இந்தக் கையகலப் பெட்டி நல்ல பொருள். பழைய கணினிகளைப் பெருந்தொகையாகச் சேர்த்துவைத்துவிட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று தவிப்பவர்கள் எந்த முடிவுக்கும் வருவதற்கு முன்பு இதை வாங்கிச் சில மாதங்கள் புழங்கிப் பார்க்கவேண்டும். என் சேகரிப்பில் பாதிக்கும் மேல் இப்போது வேறு கைகளுக்குப் போய்விட்டது. மீதியில் ஒன்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை, மற்றவற்றைக் கொடுக்கப்போவதில்லை. எது போகவேண்டும், எது இருக்கவேண்டும் என்று பிரித்துக் காட்டியது இந்தப் பெட்டிதான்.

நான் எலெக்ட்ரானிக் கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன். மற்றவர்கள் தூக்கிப்போட்ட இயந்திரங்களை எடுத்துவந்து உயிர்கொடுப்பதில்தான் என் சேகரிப்பே தொடங்கியது. கொமடோர் 64 மட்டும் ஐந்தாறு, அமிகா 500 நான்கு, ஸ்பெக்ட்ரம், பி.பி.சி. மைக்ரோ, ஆப்பிள் டூ ஈ, அடாரி எஸ்.டி., ஐ.பி.எம். பி.சி.யும் அதன் வழிவந்தவையும், மேக்கின்டோஷ் எஸ்.இ./30, இவற்றுக்கான மானிட்டர்கள், வட்டு இயக்கிகள், பெட்டி பெட்டியாக ஃபிளாப்பிகள் என்று ஓர் அறையை அடைத்து, நடைபாதைக்கும் வந்துவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இவை அலமாரியில் சும்மா நிற்கும் பொருள்கள் என்று நினைக்கிறார்கள். சும்மா நிற்பதில்லை. உள்ளே அரித்துக்கொண்டே இருக்கின்றன. அமிகா 500இன் அடிப்பக்கம் செருகும் நினைவக அட்டையில், கடிகாரம் ஓடுவதற்காக ஒரு சிறு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் பச்சை பூத்து, அட்டையின் செப்புத் தடங்களைத் தின்றுவிடும். எஸ்.இ./30இன் மதர்போர்டில் உள்ள சின்ன மின்தேக்கிகள் ஒழுகத் தொடங்கினால், முதலில் ஒலி தேய்ந்துபோகும். பிறகு ஒருநாள் திரையில் வெறும் கோடுகள்தான் தெரியும். பி.பி.சி. மைக்ரோவின் பவர் சப்ளையில் காகித வகை மின்தேக்கிகள் உண்டு. அவற்றின் மேலுறை வெடிப்புவிட்டு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். பல ஆண்டுகள் கழித்து மின்சாரம் கொடுத்தீர்களானால் அறை முழுவதும் புகைதான். கொமடோர் 64க்குக் கொடுத்த பழைய பவர் சப்ளை இன்னும் மோசம். அது கெடும்போது 5 வோல்ட் கொடுக்கவேண்டிய இடத்தில் அதிகமாகக் கொடுத்து நினைவகச் சில்லுகளைக் கருக்கிவிட்டுத்தான் ஓயும். நாற்பது இயந்திரங்கள் வைத்திருப்பவருக்கு நாற்பது வைத்தியம் கையில் இருக்கவேண்டும்.

‘அப்பா, எதை எதோடு பூட்டவேண்டும், எதை மின்சாரத்தில் செருகினால் புகையும் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு எங்கள் பொறுப்பில் வந்தால் எடைக்குத்தான் போடுவோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்’ என்று என் மகள் வெளிப்படையாகச் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதன் பிறகுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன். இயந்திரம் போனாலும் அதில் ஓடியவை போகாமல் இருக்க வழியுண்டா என்பதே என் கேள்வி.

இனி பெட்டியைப் பற்றி. மிஸ்டர் என்பது ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு அல்ல. 2017இல் அலெக்ஸி மெல்னிகோவ் தொடங்கிய திறமூலத் திட்டம். அதற்கு முன்பே டில் ஹார்பாம் என்பவர் உருவாக்கிய மிஸ்ட் என்ற பலகையின் வழியில் வந்தது. இதன் அடிப்படை டெராசிக் நிறுவனத்தின் டி.இ.10 நானோ என்ற பயிற்சிப் பலகை. அதில் சைக்ளோன் 5 வகை எஃப்.பி.ஜி.ஏ. சில்லு இருக்கிறது. சுமார் 1,10,000 தருக்க அலகுகள் கொண்ட இந்தச் சில்லை நமக்கு வேண்டிய மின்சுற்றாக மாற்றி அமைத்துக்கொள்ளலாம். பட்டியலில் கொமடோர் 64 என்று தேர்ந்தெடுத்தால், சில நொடிகளில் சில்லுக்குள் 6510 செயலியும் படச்சில்லும் ஒலிச்சில்லும் சுற்றுகளாக அமைகின்றன. அமிகா என்று தேர்ந்தெடுத்தால் அவை கலைந்து 68000 செயலியும் அதன் துணைச் சில்லுகளும் வருகின்றன. அதே பலகையில் இருக்கும் ஏ.ஆர்.எம். செயலியில் லினக்ஸ் ஓடிக்கொண்டு, கோப்புகளையும் யூ.எஸ்.பி. கருவிகளையும் கவனித்துக்கொள்கிறது.

கணினியில் ஓடி, பழைய இயந்திரத்தைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளைவிட இது இயல்பாகவே துல்லியமானது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஏற்கமாட்டேன். எஃப்.பி.ஜி.ஏ.வில் எழுதினாலும் எழுதியவரின் புரிதல் எவ்வளவோ அவ்வளவுதான் துல்லியம். வைஸ் போன்ற கொமடோர் எமுலேட்டர்கள் பல ஆண்டு உழைப்பில் அபாரத் துல்லியத்தை எட்டியிருக்கின்றன. இந்தப் பெட்டியின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. விசையை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் நடுவே தாமதம் மிகக் குறைவு. அதோடு, ஐம்பது ஹெர்ட்ஸில் ஓடிய பழைய இயந்திரத்தின் படத்தை அதே வேகத்தில் மானிட்டருக்கு அனுப்ப முடிகிறது. மானிட்டர் அதை ஏற்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. பக்கவாட்டில் நகரும் காட்சி திக்காமல் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபோது, பழைய இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பதாகவே உணர்ந்தேன். அறுபது ஹெர்ட்ஸ் மானிட்டரில் சாதாரண எமுலேட்டர் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும்.

சோதனைக்கு நான் வைத்துக்கொண்ட முறை எளிமையானது. ஒவ்வோர் இயந்திரத்தையும் பெட்டியோடு ஒரே மேசையில் வைத்து, இரண்டிலும் ஒரே நிரலை ஓட்டிப் பார்த்தேன். பிறகு பழைய இயந்திரத்தை மூடி வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் பயன்படுத்தினேன். எந்த இயந்திரத்தைத் தேடி என் கை மறுபடி போகிறது என்று கவனித்தேன்.

கொமடோர் 64இல்தான் அதிக நேரம் செலவிட்டேன். 1982இல் வந்த இயந்திரம். அதன் பெருமை பாப் யானஸ் வடிவமைத்த சிட் ஒலிச்சில்லு. ஓர் இயந்திரத்தைச் சில்லுக்குள் சுற்றாக அமைக்கும் கோப்பைக் கோர் என்கிறார்கள். பெட்டியின் கொமடோர் கோர் மிகச் சிறந்தது. 1541 வட்டு இயக்கிக்குள் தனியாக ஒரு 6502 செயலி இருக்கும் அல்லவா, அதையும் சுற்றாக அமைத்திருக்கிறார்கள். அதனால் வட்டிலிருந்து வேகமாக ஏற்றுவதற்குப் பழைய நிரலாளர்கள் செய்த தந்திரங்கள்கூட அப்படியே வேலை செய்கின்றன. இயக்கியின் தலை முட்டி முட்டிக் கடகடக்கும் சத்தம் மட்டும் இல்லை. அதற்கு நான் ஏங்கவும் இல்லை.

ஒலியில்தான் பிரச்சினை. பிரச்சினை என்று சொல்வதுகூடக் கடுமையோ என்னவோ. சிட் சில்லில் பழைய 6581, பிற்கால 8580 என்று இரண்டு வகை உண்டு. 6581இன் வடிகட்டி அனலாக் சுற்று. அது ஒரு தொகுதிச் சில்லுக்கும் இன்னொரு தொகுதிச் சில்லுக்கும் மாறும். என்னிடம் உள்ள இரண்டு 6581களில் ஒரே பாட்டை ஓட்டினால், ஒன்றில் அடிநாதம் மூடிவைத்த அறைக்குள்ளிருந்து வருவதைப் போலக் கனத்து ஒலிக்கும், மற்றதில் திறந்து ஒலிக்கும். இன்னொன்றும் உண்டு. ஒலியளவைக் கட்டுப்படுத்தும் நான்கு பிட் பதிவேட்டை மிக வேகமாக மாற்றி, அதிலிருந்தே மனிதக் குரலையும் முரசொலியையும் எழுப்பினார்கள் அக்கால நிரலாளர்கள். சில்லில் இருந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு செய்த வித்தை அது. 8580இல் குறையைச் சரிசெய்துவிட்டதால், அந்தக் குரல்கள் அதில் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். மிஸ்டரில் இரண்டு வகையையும் தேர்ந்தெடுக்கலாம். வடிகட்டியையும் மாற்றிப் பார்க்கலாம். நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் அது பொதுவான ஒரு சில்லின் ஒலி. என் மேசையில் இருக்கும் குறிப்பிட்ட அந்தச் சில்லின் ஒலி அதற்குள் வராது, வரவும் முடியாது.

அதனால் கொமடோரில் முடிவு சுலபமானது. கனத்து ஒலிக்கும் 6581 உள்ள ஒன்றும், 8580 உள்ள ஒன்றும் என்னிடம் இருக்கும். மற்றவை போகலாம். ஐந்தாறு கொமடோர்களை நான் வைத்திருந்ததற்குக் காரணமே ஒன்று கெட்டால் இன்னொன்று உதவும் என்பதுதான். நிரல்களைக் காக்கும் வேலையைப் பெட்டி ஏற்றுக்கொண்ட பிறகு அந்தக் காரணம் போய்விட்டது.

ஸ்பெக்ட்ரத்தில் நிலைமை நேர்மாறு. ஒலியும் படமும் பெட்டியில் குறையே இல்லை. விசைப்பலகைதான் விஷயம். சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரத்தில் ஒரு ரப்பர் விசைக்கு ஐந்தாறு பொறுப்புகள். ஜே விசையைத் தட்டினால் லோட் என்ற முழுச் சொல்லும் திரையில் விழும். பி விசை பிரிண்ட். சிம்பல் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு பி தட்டினால் மேற்கோள்குறி. இதை நினைவில் வைத்துச் செய்யவேண்டியதில்லை. விசையின் மேலும் கீழும் அச்சடித்திருப்பதைக் கண் பார்க்கும், கை தட்டும். மிஸ்டரில் சாதாரண யூ.எஸ்.பி. கீபோர்டை வைத்துக்கொண்டு இதே பேசிக் மொழியை எழுதிப் பாருங்கள். எந்தச் சொல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தடவிக்கொண்டே இருக்கவேண்டும். விளையாட்டுக்கு மட்டும் ஸ்பெக்ட்ரம் வேண்டுமென்றால் பெட்டி போதும். அதில் நிரல் எழுதுபவருக்கு, எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு, ரப்பர் விசைகளுக்கு மாற்றே கிடையாது. நான் எழுதுபவன். என் ஸ்பெக்ட்ரம் இருக்கிறது. அதன் விசைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாள்கள் காய்ந்து உடைவது வழக்கம். இப்போதும் புதிதாகத் தயாரிக்கிறார்கள், மாற்றிவிட்டேன்.

அமிகாவில் பெட்டிக்கே வெற்றி. டென்னிஸ் வான் வீரன் என்பவர் மினிமிக் என்ற பெயரில் 2007இல் அமிகாவை எஃப்.பி.ஜி.ஏ.வில் கொண்டுவந்து வெளியிட்டார். அந்த வேர்தான் மிஸ்டரிலும் வளர்ந்திருக்கிறது. அமிகா 500 மட்டுமல்லாமல், பிற்கால 1200இன் பட அமைப்புவரை எட்டுகிறது. ஹார்டு டிஸ்க் கோப்பு ஒன்றை உருவாக்கி, அமிகாவின் இயங்குதளமான வொர்க்பெஞ்சை நிறுவிவிட்டால், மூன்றாவது ஃபிளாப்பியைச் செருகுங்கள், முதலாவதைச் செருகுங்கள் என்ற தொல்லையெல்லாம் போயிற்று. என்னுடைய நான்கு அமிகாக்களில் இரண்டு பேட்டரிக் கசிவால் தடங்கள் அரிக்கப்பட்டு, நான் கம்பி ஓட்டிப் பிழைக்கவைத்தவை. அந்த இரண்டின் மீதும் எனக்குத் தனிப் பாசம். ஆனாலும் பெட்டி வந்த பிறகு அவற்றை நான் தேடவில்லை. கை போகவில்லை என்றால் போகவில்லை, அவ்வளவுதான். ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைக் கொடுத்துவிட்டேன்.

ஐ.பி.எம். பக்கம் சுருக்கமாகவே சொல்லலாம். 1981இன் முதல் பி.சி. வகைக்கும் அடுத்து வந்த எக்ஸ்.டி. வகைக்கும் ஒரு கோர், பிற்கால 486 செயலி வகைக்கு ஒரு கோர் என்று இருக்கின்றன. 486 கோரில் கணிதத் துணைச்செயலி இல்லை. டாஸ் காலத்தின் பெரும்பாலான தேவைகளுக்கு அது போதும். பிற்காலத்திய கனமான நிரல்களுக்குத் திணறும். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த டவர்களை வருத்தமே இல்லாமல் அனுப்பினேன். சிக்கல் கீபோர்டில் வந்தது. சுருள்வில் மடங்கி டக்கென்று விழும் அந்தக் காலத்து மாடல் எஃப், மாடல் எம் கீபோர்டுகளின் தட்டல் சுகம் தட்டியவர்களுக்குத் தெரியும். இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கீபோர்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று எல்லோருக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். கீபோர்டு பிரிக்கப்பட்ட முதல் தலைமுறை பி.சி. அநாதை. வாங்குபவர் அதற்குப் பொருத்தமான ஒன்றைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைவார். இயந்திரத்தோடு பிறந்தது இயந்திரத்தோடு போகவேண்டும். தனியாக வந்து சேர்ந்த ஒரு மாடல் எம் என்னிடம் இருந்தது. யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றின் வழியாக அதைப் பெட்டியில் பூட்டியிருக்கிறேன்.

மேக்கின்டோஷில் பெட்டியின் எல்லை பளிச்சென்று தெரிகிறது. மேக் பிளஸ் காலத்து 68000 இயந்திரம்வரைதான் இருக்கிறது. 1989இல் வந்த எஸ்.இ./30, 68030 செயலியோடு 128 மெகாபைட் நினைவகம்வரை ஏற்ற இயந்திரம். அதற்கு இதில் கோர் இல்லை. மேலும் அதன் ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை அந்த இயந்திரத்தின் உடம்பிலேயே ஓர் உறுப்பு. 512க்கு 342 புள்ளிகள் அந்தச் சிறிய கண்ணாடியில் எவ்வளவு கூர்மையாக நிற்கும் என்பதை அகலத்திரையில் பெரிதாக்கிப் பார்த்து அறிய முடியாது. மின்தேக்கிகளை எல்லாம் மாற்றி, பேட்டரியைக் கழற்றி, எஸ்.சி.எஸ்.ஐ. ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக மெமரி கார்டு ஏற்கும் சிறு பலகையைப் பொருத்தி வைத்திருக்கிறேன்.

படக்குழாயைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. மிஸ்டரில் திரைக்கோடுகளையும் பாஸ்பரப் புள்ளிகளையும் பாவனை செய்யும் வடிகட்டிகள் ஏராளம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இதன் அனலாக் பலகையை வாங்கிப் பூட்டினால் 15 கிலோஹெர்ட்ஸ் ஆர்.ஜி.பி. சைகையே வெளியே வரும், பழைய மானிட்டரில் நேரடியாகக் காட்டலாம். இதைப் பார்த்த பிறகு என் வரிசையே மாறிப்போயிற்று. கணினிகளை முதலில் காப்பாற்றவேண்டும், மானிட்டர்கள் கனமாக இருக்கின்றன, அவற்றை முதலில் அனுப்பிவிடலாம் என்றுதான் பலரும் தொடங்குவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கணினியின் சுற்றை எஃப்.பி.ஜி.ஏ.வில் எழுதிக்கொள்ளலாம். படக்குழாயை எதிலும் எழுத முடியாது. இத்தகைய மானிட்டர்களுக்குப் புதிதாகச் செய்பவர்களும் இல்லை. என்னிடம் இருந்த மானிட்டர்களில் நல்ல நிலையில் உள்ளவற்றில் எதையும் நான் கொடுக்கவில்லை.

பி.பி.சி. மைக்ரோவையும் கொடுக்கவில்லை. 1981இல் ஏக்கார்ன் செய்தது. அதைத் திருப்பிக் கவிழ்த்துப் பாருங்கள், அடிப்பக்கம் முழுவதும் இணைப்பு வாய்கள்: யூசர் போர்ட், பிரிண்டர், வட்டு இயக்கி, ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ், இரண்டாம் செயலிக்கான டியூப். சாலிடர் பிடித்த கைக்கு இதைவிட வேறென்ன வேண்டும். எட்டுக் கம்பிகளை யூசர் போர்ட்டில் கோத்து, நான்கு வரி பேசிக்கில் ஒரு மோட்டாரைச் சுழலவைக்கலாம். மிஸ்டருக்குள் பி.பி.சி. மைக்ரோ ஒழுங்காக ஓடுகிறது. அதன் அடிவயிற்றில் கம்பி கோக்கத்தான் வழியில்லை.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. பெட்டி வந்துவிட்டதே என்று இயந்திரங்களை உடனே அனுப்பாதீர்கள். வட்டுகளைப் படித்தெடுத்த பிறகுதான் எதுவும் வாசலைத் தாண்டவேண்டும். கடையில் விற்ற மென்பொருள்களை உலகமெங்கும் பலர் காத்துவைத்திருக்கிறார்கள். உங்கள் கையெழுத்தில் பெயர் எழுதிய வட்டில் இருப்பது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் பயன்படுத்தியது கீர் ஃபிரேசர் உருவாக்கிய கிரீஸ்வீசல் என்ற சிறு பலகை. ஒரு சாதாரணப் பழைய பி.சி. ஃபிளாப்பி டிரைவை இதில் பூட்டினால், வட்டின் காந்த மாற்றங்களையே பதிவு செய்கிறது. அமிகா, அடாரி, கொமடோர் என்று எழுதிய முறை எதுவானாலும் கவலையில்லை. கொமடோர் வட்டுகளைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பக்கமும் எழுதியிருப்போம். அந்தப் பக்கத்தில் குறியீட்டுத் துளை இடம் மாறிவிடுவதால் பல பி.சி. டிரைவுகள் படிக்க மறுக்கும். அவற்றை அசல் 1541இல் படிப்பதே மேல். பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே செருகினால் டிரைவின் தலையும் கெடும், அடுத்து வரும் வட்டும் கெடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலரவைத்து, பிறகு செருகவேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான். என் தம்பி சிறுவனாக இருந்தபோது அமிகாவில் வரைந்த படங்கள் அப்படித்தான் கிடைத்தன. அவனுக்கு அனுப்பினேன். எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் ஈடாகாத பொருள் அந்த வட்டில் இருந்தது.

ரோம் கோப்புகளும், அதாவது இயந்திரத்தின் சில்லில் நிரந்தரமாகப் பதிந்த நிரல்களின் நகல்களும், இதில் சேரும். மினிமிக்குக்கு அமிகாவின் கிக்ஸ்டார்ட் ரோம் வேண்டும், பெட்டியோடு அது வராது. பதிப்புரிமை உள்ளது. சொந்த இயந்திரத்தின் சில்லிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அமிகா ஃபாரெவர் தொகுப்பை வாங்கி முறையாகப் பெறவும் வழியுண்டு. கடைசி அமிகாவையும் கொடுத்துவிட நினைப்பவர்கள் அந்தத் தொகுப்பை வாங்கிவிடுவதே நேர்மையான வழி என்பது என் எண்ணம்.

யாருக்குக் கொடுப்பது? முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அருங்காட்சியகம். எனக்கும் அதுவே தோன்றியது. ஆனால் கொமடோர் 64 இல்லாத கணினி அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது? அவர்களுக்குத் தேவைப்படுபவை பெரும்பாலும் அச்சில் வராத கையேடுகள், சுற்றுப்படங்கள், சிறு நிறுவனங்கள் செய்து சில நூறோடு நின்றுபோன அட்டைகள், ஓர் இயந்திரம் எங்கே என்ன வேலைக்குப் பயன்பட்டது என்ற எழுத்துச் சான்றுகள். பழுதுபார்க்கும் தொழிலில் சேர்ந்த சர்வீஸ் கையேடுகளை அப்படி ஒரு காப்பகம் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டது.

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் என்றென்றைக்கும் பத்திரம் என்றும் நினைக்கவேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் இணை நிறுவனர் பால் ஆலன் சியாட்டிலில் லிவிங் கம்ப்யூட்டர்ஸ் என்ற அருங்காட்சியகத்தை அமைத்தார். 2012இல் மக்களுக்குத் திறந்தது. கண்ணாடிக்குள் பூட்டிவைக்காமல், பி.டி.பி.10 போன்ற பெரிய இயந்திரங்களை ஓடும் நிலையில் வைத்து, வருபவர்களைத் தொட்டுப் பழகவிட்ட இடம். 2018இல் ஆலன் மறைந்தார். 2020இல் மூடியது, மறுபடி திறக்கவேயில்லை. 2024இல் அதன் பொருள்களில் பல கிறிஸ்டிஸ் ஏலத்துக்குப் போயின. அவ்வளவு செல்வம் உள்ளவரின் சேகரிப்பே உடைமையாளருக்குப் பிறகு கலைந்தது என்றால், நம் அறையில் இருப்பதைப் பற்றி நாம் இருக்கும்போதே முடிவெடுப்பது எவ்வளவு அவசியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்தார். வேன் கொண்டுவந்து ஒரே நாளில் அறையைக் காலிசெய்துவிடுவதாகச் சொன்னார். சோர்ந்திருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு தேனாக இனிக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சில்லுகளைக் கழற்றித் தனித்தனியாக விற்பது லாபம் என்று மறைக்காமல் சொன்னார். சிட் சில்லுக்கு இருக்கும் கிராக்கியில் அது நடக்கக்கூடியதுதான். ஓடும் இயந்திரத்தை உடைப்பதற்கு நான் கொடுக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றாகக் கொடுப்பதற்கு நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும். கொமடோர் ஒன்று, இசையமைக்கக் கற்றுக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவி ஒருவருக்குப் போயிற்று. கசிந்த அமிகாக்கள் இரண்டும் சாலிடரிங் சொல்லிக்கொடுக்கும் நண்பரிடம் போயின. நான் ஓட்டிய கம்பிகளைக் காட்டி, எங்கே தடம் அறுந்தது, எங்கே பாலம் போட்டேன் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். எதைக் கொடுத்தாலும் பேட்டரியைக் கழற்றி, பவர் சப்ளையை அளந்து, குறையை எழுதி வைத்தே கொடுக்கிறேன்.

பெட்டியின் குறைகளையும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் கொஞ்சம் முட்டிமோதவேண்டும். எந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்கவேண்டும் என்பது ஒவ்வொரு கோருக்கும் ஒவ்வொரு மாதிரி. எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொள்ளும் ஸ்கிரிப்டை முதல் வேலையாக ஓட்டிவிடுங்கள், பாதிக் குழப்பம் தீரும். பலகையோடு கூடுதல் நினைவக அட்டை அவசியம். 128 மெகாபைட் அட்டையை வாங்கிவிட்டால் பிறகு யோசிக்கவேண்டியதில்லை. தரமற்ற நினைவக அட்டைகள் சந்தையில் உலவுகின்றன. வந்தவுடன் நினைவகச் சோதனைக் கோரை ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, பிழை இல்லை என்று தெரிந்தபின் மூடியைத் திருகுங்கள். டி.இ.10 நானோவுக்குப் பதிலாக அதே அமைப்பில் 2024இல் மிஸ்டர் பை என்ற பலகையும் வந்திருக்கிறது. தொடங்குபவருக்குச் செலவு குறையும்.

ஓர் இயந்திரம் மட்டுமே வைத்திருந்து அதை ரசிப்பவருக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. அந்த ஒன்றை நன்றாகப் பராமரியுங்கள். அறை நிறைய வைத்திருப்பவருக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

என்னிடம் முடிவாகாமல் நிற்பது அடாரி எஸ்.டி. மட்டும். 1985இல், இசைக்கருவிகளை இணைக்கும் மிடி வாய்களை உடம்பிலேயே வைத்துக்கொண்டு வந்ததால் இசைக்கலைஞர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த இயந்திரம். பெட்டியின் எஸ்.டி. கோர் விளையாட்டுக்கும் வரைவதற்கும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் காது தாளக்கட்டில் தேர்ந்தது அல்ல. பல கருவிகளைக் கோத்து வாசிக்கும் நண்பர் ஒருவர் எஸ்.டி.யையும் பெட்டியையும் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார். இரண்டிலும் ஒரே பாட்டை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தாளம் எங்கேயாவது தடுமாறுகிறதா என்று சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தடுமாறவில்லை என்றால் எஸ்.டி. அவருக்கே.